உங்களுக்குத் தெரியுமா? லஸ் காட்டுக் கோயில் முதல் கிரீன்லாந்து பனிக்கட்டி வரை!

மந்தைவெளியில் இருந்து நடக்கும் தூரத்தில் லஸ் சர்ச். கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1516! மயிலாப்பூர்க்காரர்கள் இதைக் 'காட்டுக் கோயில்' என்பார்கள். அந்தக் காலத்தில் சுற்றிலும் காடு! ஆமாம், ஆட்டோ நகர மறுக்கும் அதே லஸ் கார்னர்தான்!

எத்தியோப்பியாவில் நிஜக் காட்டுக் கோயில்களே இருக்கின்றன! காடெல்லாம் வயலாகிவிட்டது. ஆர்த்தடாக்ஸ் சர்ச்சைச் சுற்றிய மரங்களில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. சாட்டிலைட் படத்தில் பச்சைப் பொட்டுகளாகத் தெரிகின்றன. ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில்!

சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னால், கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு மரக்கம்பம். பார்த்ததுண்டா? புனித தோமா நட்டது, கடல் இதைத் தாண்டாது என்பது நம்பிக்கை. 2004 டிசம்பர் 26, சுனாமி. பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை! ஆனால் பக்கத்திலேயே பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்குக் கம்பம் ஏது? வீடுகளை அலை வாரிக்கொண்டு போனது. கடல் மட்டம் உயருகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் நினைப்பது அந்தக் குப்பத்தைத்தான்.

போப் பிரான்சிஸ் பூமிக்காகவே ஒரு சுற்றுமடல் எழுதினார். பெயர் 'இறைவா உமக்கே புகழ்'. வெளியானது 2015 ஜூன் 18. மொத்தம் 246 பத்திகள். அதில் 55-வது பத்தியில் யார் மாட்டிக்கொண்டது தெரியுமா? நம்ம ஏசி! ஏசி மோகம் கூடிக்கொண்டே போகிறதே என்று குட்டு வைக்கிறார். அக்னி நட்சத்திரத்தில் மந்தைவெளியில் ஒரு வாரம் தங்கியிருந்தால் கொஞ்சம் இரக்கம் காட்டியிருப்பாரோ என்னவோ!

211-வது பத்தி இன்னும் ஜோர். வேண்டாத லைட்டை அணை, சாப்பிடும் அளவுக்கே சமை, காரில் சேர்ந்து போ. பாட்டி சொன்னதெல்லாம் வாடிகனில் இருந்து வருகிறது!

அந்த மடல் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் சென்னைக்குள் புகுந்தது. அதே மாதம் 12-ம் தேதி பாரிஸ் ஒப்பந்தம்! இங்கே சேறு அள்ளி முடியவில்லை, அங்கே கைதட்டல்!

வாடிகன் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் சோலார் பேனல் ஏறிவிட்டது. எப்போது? 2008-லேயே! எத்தனை? சுமார் 2,400!

2025 ஜூலையில் படைப்பைப் பேணுவதற்கென்றே தனித் திருப்பலி வந்தது. அக்டோபர் 1-ம் தேதி போப் லியோ எதை ஆசீர்வதித்தார்? கிரீன்லாந்தில் இருந்து கொண்டுவந்த பனிக்கட்டியை! விழாவுக்கு வந்திருந்த விருந்தாளி? 'டெர்மினேட்டர்' அர்னால்டு!

சி.எஸ்.ஐ. தலைமையகம் எங்கே? நம்ம ராயப்பேட்டையில்! சுற்றுச்சூழலுக்கென்றே அங்கே தனித் துறை உண்டு. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-ஐ ஒட்டிய ஞாயிறில் பிரசங்கமே மரம், மண், மழைதான்!

காணிக்கைப் பணமும் பேசும்! நிலக்கரி, பெட்ரோல் கம்பெனிகளில் பணம் போடுவதில்லை என்று உலகத் திருச்சபைகள் மன்றம் முடிவெடுத்தது 2014-ல். இங்கிலாந்துத் திருச்சபையின் முதலீட்டு நிதி 1,000 கோடி பவுண்டுக்கு மேல். 2023-ல் அது ஷெல்லுக்கும் பி.பி.க்கும் டாட்டா காட்டிவிட்டது!

கடல் அரிக்கிறது, வீடு போகிறது என்று விழிஞ்ஞம் துறைமுக வாசலில் உட்கார்ந்தது யார்? மீனவர்களோடு திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டப் பாதிரியார்கள்! 2022 ஆகஸ்ட் 16 முதல் டிசம்பர் 6 வரை. 100 நாளைத் தாண்டிய போராட்டம்!

பழனி மலையின் செடிகொடிகளை மூன்று தொகுதிகளில் எழுதிவைத்தவர் ஒரு சேசு சபைப் பாதிரியார். கே.எம். மேத்யூ! திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தை 1967-ல் தொடங்கியவரும் இவரே!

பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம் ஆகஸ்ட் 29. திருவிழா முடிவது செப்டம்பர் 8. உலகெங்கும் திருச்சபைகள் 'படைப்பின் காலம்' கொண்டாடுவது செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை. கணக்குப் போடுங்கள். 11 நாள் திருவிழாவில் 8 நாள் பூமிக்கான நாள்! பாதயாத்திரைக்காரர்களுக்கு மோர் கொடுக்கிறவர்கள் பிளாஸ்டிக் டம்ளரை எடுத்தால், யாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வது? தமிழ்நாட்டில் அந்த டம்ளருக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1!