புல்லட் ஏன் ஒழுகுகிறது?

பழைய வண்டி – 11

தூத்துக்குடியில் பழைய புல்லட் வைத்திருப்பவர் வீட்டைக் கண்டுபிடிக்கக் கதவு எண் தேவையில்லை. வாசலில் விரித்த சாக்கோ, எஞ்சினுக்கு அடியில் வைத்த பிளாஸ்டிக் தட்டோ காட்டிக்கொடுத்துவிடும். "ஒழுகலைன்னா உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம் அண்ணாச்சி" என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கலாம். ஆனால் அதையே காரணமாக வைத்து வண்டியை அப்படியே விட்டுவிடுவதுதான் தப்பு.

நான் சொல்வது வார்ப்பிரும்பு சிலிண்டர் போட்ட பழைய 350 புல்லட்டை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வடிவமைப்பு அது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. வண்டிகள் திருவொற்றியூரிலிருந்து வந்தன. புல்லட் எஞ்சின் 2010 வாக்கில்தான் புதிய எஞ்சினுக்கு இடம் விட்டது. அதுவரை அடிப்படை அதேதான்: 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், தனி கியர்பாக்ஸ், செங்குத்தாக இரண்டாகப் பிளந்த கிராங்க் கேஸ். இணைப்புகள் நிறைய. ஒவ்வோர் இணைப்பும் கசிய ஒரு வழி.

ஆனாலும் இணைப்புகளை அடைக்கும் பேக்கிங்கை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் ஒரு தடவை கீழே இறங்கும்போது தனக்குக் கீழுள்ள 346 சிசி காற்றைத் தள்ளுகிறது. 3000 ஆர்பிஎம்மில் இது விநாடிக்கு 50 தடவை நடக்கும். அந்த அழுத்தம் வெளியேறத்தான் பிரீதர் இருக்கிறது. அதன் முனையில் வாத்து அலகு வடிவில் ஒரு ரப்பர் வால்வு. காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. ரப்பர் வெயிலில் விறைத்தாலும், கசடு படிந்து ஒட்டிக்கொண்டாலும், பைப் மடங்கினாலும் அழுத்தம் வேறு வழி தேடும். ராக்கர் கவர், டேப்பட் கவர், டைமிங் கவர் என்று எது இளைத்ததோ அது வழியாக ஆயிலையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். பேக்கிங்கை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் அடுத்த இணைப்பு ஒழுகும், அவ்வளவுதான். வால்வைக் கழற்றித் துடைத்து வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் காற்று போனால் நல்லது. பிரீதர் சரியாக இருந்தும் சைலென்சரில் நீலப் புகை வந்தால் பெரும்பாலும் ரிங் தேய்ந்திருக்கும். எரிந்த வாயு கீழே இறங்கி கிராங்க் கேஸை உப்ப வைக்கிறது. அதற்கு எந்தப் பேக்கிங்கும் மருந்தில்லை.

இன்னொரு பொதுவான கோளாறை உண்டாக்குவது வண்டிக்காரரின் பாசம். இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸின் ஒரு பகுதிதான். வண்டி பல நாள் நின்றால் ஆயில் பம்ப் வழியே மெல்ல இறங்கி கிராங்க் பக்கம் தேங்கும். ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் அளவு குறைந்திருக்கும். அவர் அரை லிட்டர் ஊற்றுவார். ஸ்டார்ட் செய்ததும் ரிட்டர்ன் பம்ப் பழைய ஆயிலையும் திருப்பி அனுப்ப, டேங்க் நிறைந்து, மிச்சம் பிரீதர் வழியாகப் பேன்ட்டில் வந்து விழும். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகே ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கவும் ஒரு முறை உண்டு. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போவதால் ஈரம் ஓரிடத்தில், ஓட்டை வேறிடத்தில். எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டால் வெள்ளைப் பரப்பில் முதலில் கறுக்கும் கோடு உண்மையைச் சொல்லிவிடும்.

பெரும்பாலும் அந்தக் கோடு டேப்பட் கவரிலோ, கிளட்ச் பக்கத்து பிரைமரி கவரிலோ தொடங்கும். பிரைமரி கவரைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே நட்டு, ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம். நம் ஆட்கள் ஒழுகுகிறதே என்று ஸ்பேனரில் குழாய் செருகி இறுக்குகிறார்கள். நடு உள்ளே போகும், ஓரம் வெளியே வளையும்; ஒழுகல் கூடும். டேப்பட் கவருக்கும் இதே கதிதான். ராக்கருக்கு ஆயில் போகும் பைப்பின் செம்பு வாஷரும் பழசானால் விறைத்துவிடும். சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். புதிதே வாங்க வேண்டும் என்றில்லை.

நம் கரைக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. முத்தையாபுரம், பழையகாயல் பக்கம் உப்பளங்களைத் தாண்டி வரும் காற்று அலுமினியத்தைச் சும்மா விடாது. கவர் ஓரங்களில் வெள்ளைப் பொடி பூக்கும். துடைத்தால் அடியில் சிறு சிறு குழி. இரும்பு போல்ட்டும் அலுமினிய மரையும் உப்பு ஈரத்தில் சேர, அலுமினியம் அரித்து போல்ட் இறுகிவிடும். வேகமாகத் திருப்பினால் மரையோடு வரும். குழி விழுந்த கவரைத் தடித்த கண்ணாடிமேல் ஒட்டிய எமரி பேப்பரில் வைத்து, லைசென்ஸுக்குப் போட்ட எட்டை மறுபடியும் போடுங்கள். பரப்பு முழுக்க ஒரே நிறம் வந்த பிறகு பேக்கிங் வைக்கலாம். மரை போயிருந்தால் லேத்தில் கொடுத்து ஹெலிகாயில் என்ற மரைச் சுருளைப் போடச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு டியூப்பைப் பிதுக்கி அனபாண்ட் பசை பூசுவதுதான் வழக்கமாகிவிட்டது. மெல்லிய பூச்சாகப் பூசினால் கெடுதல் இல்லை. விரல் கனம் அப்பினால் பாதி உள்ளே பிதுங்கி, பிய்ந்து, ஆயிலோடு சுற்றி, ராக்கருக்குப் போகும் சின்னத் துளையில் போய் உட்காரும். ஒழுகும் புல்லட் வீடு வந்து சேரும். ஆயில் வழி அடைத்த புல்லட் திருச்செந்தூர் ரோட்டில் பாதி வழியில் சீஸ் ஆகும்.

அடுத்த முறை பட்டறையில் "பேக்கிங் செட் மொத்தமா மாத்திருவோம்" என்று ஆரம்பித்தால், "மொதல்ல பிரீதரைக் கழட்டிப் பாருங்க அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். செலவிலும் அதுதான் சின்னது.

(தொடரும்)