பழைய கார்ட் பந்தய வண்டிகளின் பிரேக் சீரமைப்பு

கார்ட் என்பது திறந்த சட்டகமும் சிறிய சக்கரங்களும் கொண்ட, ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டும் பந்தய வண்டி ஆகும். ஆர்ட் இங்கெல்ஸ் 1956-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் உருவாக்கிய வண்டியே முதல் கார்ட் எனக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, பந்தய வீரரும் வண்டி வடிவமைப்பாளருமான சு. கரிவரதனின் நினைவாகப் பெயரிடப்பட்டது. நெடுங்காலம் நிறுத்தி வைத்த கார்ட்டை மீண்டும் ஓட்டும் முன் முதலில் சீரமைக்க வேண்டிய பகுதி பிரேக் ஆகும்.

அமைப்பு

கியர் இல்லாத கார்ட்களில் பெரும்பாலும் பின்புறம் மட்டுமே பிரேக் இருக்கும். டிஃபரன்ஷியல் இல்லாததால் இரு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் சேர்ந்தே சுழல்கின்றன. எனவே அச்சில் பொருத்திய ஒரே டிஸ்க் இரண்டையும் நிறுத்துகிறது. அந்த ஒன்று பழுதானால் மாற்று வழி இல்லை. இதனால்தான் பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் கம்பியோடு, துணையாக ஓர் எஃகு வடமும் பொருத்தப்படுகிறது.

பிரித்துச் சுத்தம் செய்தல்

பழைய பேடுகளில் கல்நார் இருக்கக்கூடும். ஆகவே தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றின் உட்சுவரிலோ பிஸ்டனிலோ அரிப்புக் குழிகள் இருந்தால் அப்பகுதியை மாற்ற வேண்டும். ரப்பர் சீல்கள் நன்றாகத் தோன்றினாலும் புதிதாக மாற்றுவதே முறை. பட்டறைகளில் வழக்கமாகப் பயன்படும் டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவை இந்த ரப்பரை உப்பச் செய்துவிடும். புதிய பிரேக் ஆயிலால் கழுவுவது பாதுகாப்பானது.

பிரேக் ஆயில்

டாட் 4 வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய நிலையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு. ஈரம் சேர்ந்தபின் இதற்கான வரம்பு 155 பாகை. பழைய ஆயில் சூட்டில் கொதித்தால் உண்டாகும் ஆவி அழுத்தத்தில் சுருங்கும். அப்போது பெடல் முழுவதும் இறங்கினாலும் வண்டி நிற்காது. ஆகவே பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிட வேண்டும். சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5 ஆயிலை டாட் 4 உடன் கலக்கக் கூடாது. டாட் 4 ஆயில் வண்ணப்பூச்சையும் கெடுக்கும். சிந்தினால் உடனே நீரால் கழுவ வேண்டும்.

காற்று நீக்கல்

காலிப்பரின் காற்று நீக்கும் திருகு மேல்நோக்கி இருக்க வேண்டும். அதில் மாட்டிய குழாயின் மறுமுனை ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். பெடலை அழுத்திய நிலையில் திருகைத் திறந்து, பெடலை விடுமுன் மூட வேண்டும். குமிழிகள் நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். இடையில் ஆயில் கலன் காலியானால் மீண்டும் காற்று புகுந்துவிடும்.

சோதனை

பெடலில் சிறிது தளர்வு அவசியம். அது இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதும் திரும்பாமல் அழுத்தம் தங்கி, பேடுகள் உராய்ந்து சூடேறும். பெடலை விட்டதும் பின்சக்கரங்கள் தடையின்றிச் சுழல வேண்டும். பெடலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் அது மெல்ல இறங்கக் கூடாது. இறங்கினால் எங்கோ கசிவு உள்ளது எனப் பொருள். முதலில் இயந்திரத்தை இயக்காமல் கையால் தள்ளியும், பின்னர் திறந்த வெளியில் மெதுவாக ஓட்டியும் சோதித்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும்.