புள்ளி, கோடு, தீண்டாமை

தல்லாகுளம் பக்கமிருந்து ஏ.வி. பாலத்தில் இறங்கி நடக்கிறோம். வைகையின் இரு கரைகளையும் இணைக்கும் எல்லாப் பாலங்களிலும் தலா ஒரே ஒரு முறை நடந்து, புறப்பட்ட கரைக்கே திரும்ப முடியுமா? பாலங்கள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தால் முடியும். ஒற்றைப்படை என்றால் எதிர்க்கரையில்தான் நிற்போம். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி இப்படியொரு கேள்வி எழுந்தபோது, முடியாது என்று 1736-ல் நிறுவினார் ஆய்லர். நிலத்தைப் புள்ளியாகவும் பாலத்தைக் கோடாகவும் வைத்து அவர் யோசித்ததில் பிறந்ததுதான் கோட்டுருவியல், அதாவது கிராஃப் தியரி.

'இதைப் படித்து நமக்கு என்ன ஆகப்போகிறது?' என்று கிராமத்திலிருந்து வரும் கணித மாணவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் வசந்தா கந்தசாமி.

சென்னை ஐஐடி-யில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவர் அவர். இயற்கணிதத்தில் தொடங்கி கோட்டுருக்கள் வரை எழுதிய நூல்கள் நூற்றுக்கும் மேல். 2005-ல் புளோரன்டின் ஸ்மரன்டாக்கே, க. கந்தசாமி ஆகியோருடன் சேர்ந்து, தீண்டாமை குறித்த பெரியாரின் கருத்துகளைக் கணித முறையில் ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். எச்ஐவி பாதித்த தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களைப் பற்றிய நூலும் அதே ஆண்டில் வந்தது.

முறை எளிதானது. நிலமின்மை, கூலிக்கு ஊராரை நம்பியிருத்தல், எதிர்த்துப் பேசப் பயம், தனிக்குவளை என்று ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கூடினால் இன்னொன்றும் கூடுமா? அம்புக்குறி போட்டு 1 என்று எழுதுங்கள். குறையுமானால் -1. தொடர்பில்லை என்றால் 0. பிறகு ஒரு புள்ளியை மட்டும் விளக்குப்போல் எரியவிட்டு, அதிலிருந்து எவையெல்லாம் எரிகின்றன என்று கணக்கிட வேண்டும். 1986-ல் பார்ட் காஸ்கோ வகுத்த முறை இது. வசந்தா கந்தசாமியும் ஸ்மரன்டாக்கேயும் இதில் நான்காவது மதிப்பு ஒன்றையும் சேர்த்தார்கள்: 'உறுதியாகச் சொல்ல முடியாது'. அதற்குப் புள்ளிக்கோடு. இந்தச் சேர்க்கையைக் கணித உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் சேரியில் போய்க் கேள்வி கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் புள்ளிக்கோட்டின் அருமை தெரியும். பாதிப் பதில்கள் அப்படித்தான் வரும், பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து.

பணியிடத்தில் அவருக்கு எதுவும் எளிதாக இல்லை. பதவி உயர்விலும் ஆசிரியர் நியமனங்களிலும் நியாயம் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். ஐஐடி-யில் இடஒதுக்கீட்டுக்காக வெளிப்படையாகப் பேசினார். தமிழக அரசு 2006-ல் அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது, துணிச்சலுக்காக. பின்னாளில் வேலூர் விஐடி-யில் பணியாற்றினார்.

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் சொந்த ஊரையே எடுத்துக்கொள்ளலாம். குளம், சுடுகாட்டுப் பாதை, ரேஷன் கடை, டீக்கடை என்று புள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. அம்புக்குறிகளை மட்டும் நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களிடம் கேட்டுப் போடுங்கள்.