கர்த்தர் சந்நிதியில் கிராமத்து மெட்டு: கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சித்தன்னவாசல். நீண்டு கிடக்கும் மொட்டைப் பாறை. அந்தப் பாறையைக் குடைந்து முன்னோர்கள் ஒரு கோவில் அமைத்தார்கள். அதற்கு அறிவர் கோவில் என்று பெயர். சமணர்களின் கோவில் அது. 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது.

சமண முனிவர்கள் முற்றும் துறந்தவர்கள். கல்லையே பாயாகவும் தலையணையாகவும் கொண்டு படுத்தவர்கள். ஆட்டமும் பாட்டும் அவர்களுக்கு ஆகாதவை. ஆனால் அவர்களுடைய கோவில் தூணிலே தீட்டப்பட்டிருப்பது என்ன தெரியுமா? கை வீசி, இடை வளைத்து ஆடுகிற நடன மங்கை!

கடவுளின் இடத்துக்குள் எந்தக் கலை வரலாம், எது வாசலோடு நிற்கவேண்டும்? இது மிகப் பழைய கேள்வி. சமணர், சைவர், வைணவர், கிறிஸ்தவர் என்று எல்லாரும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருக்கிறார்கள். 1990-களில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களிடையே இதே கேள்வி பலமாக எழுந்தது. அதற்குக் காரணம் ஒரு பாட்டுத் தொகுப்பு. அதன் பெயர் "கிராமிய இசை வழிபாடு".

கல்லில் ஏறாத பாட்டு

சித்தன்னவாசலுக்குப் பக்கத்திலே குடுமியான்மலை இருக்கிறது. அங்கே பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு உண்டு. ஏழு பண்களுக்குரிய சுரங்களை வரிசை வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இசை மாணவர்களின் நன்மைக்காக ஓர் அரசன் வெட்டுவித்தது அது. இசை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதை வியந்து பார்க்கிறார்கள்.

படித்தவர்களின் இசைக்குக் கல்வெட்டு கிடைத்தது. நடவு நடுகிற பெண்ணின் பாட்டுக்கு எந்த அரசன் கல்வெட்டு வைத்தான்? தாலாட்டும், ஒப்பாரியும், கும்மியும் ஜனங்களின் வாயிலேயே பிறந்து, வாயிலேயே வளர்ந்தவை. அம்மா பாடியதை மகள் பாடினாள். பாடும்போதே ஒரு வார்த்தையை மாற்றினாள். ஓர் அடியைக் கூட்டினாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை.

இந்தப் பாட்டு கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் எப்படி நுழைந்தது?

ஆவூரில் பாஸ்கா

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைப் பக்கம் ஆவூர் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மாதா கோவில் புகழ் பெற்றது. இயேசு சபைக் குருமார்கள் அங்கே தங்கி ஊழியம் செய்தார்கள். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அவர்களில் ஒருவர். ஈஸ்டர் சமயத்தில் அங்கே பாஸ்கா நாடகம் நடக்கும். இயேசுநாதர் பட்ட பாடுகளை நடித்துக் காட்டுவார்கள். தேரும் இழுப்பார்கள்.

தவக்காலத்தில் கத்தோலிக்கக் கிராமங்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிற வழக்கம் உண்டு. கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து தமிழ் கற்ற யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் (1676-1742) எழுதியது அது. அதைப் புலம்பலாக இழுத்து வாசிக்கும்போது, கேட்கிற பெண்கள் கண்ணீர் விடுவார்கள். மகனைப் பறிகொடுத்த தாயின் துக்கம் அவர்களுக்குத் தெரிந்த துக்கம். அந்த ராகமும் அவர்களுக்குத் தெரிந்த ராகம்.

ஆகவே, கிராமத்து மெட்டு கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. திருவிழாவிலும் நாடகத்திலும் அதற்கு இடம் இருந்தது. பீடத்தின் முன்னே நடக்கும் ஆராதனையில் அதைப் பாடலாமா என்பதுதான் பிரச்சினை.

தஞ்சாவூர் சாஸ்திரியார்

சித்தன்னவாசலுக்கு வடகிழக்கே தஞ்சாவூர். அங்கே வாழ்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரோடு படித்தவர். புராட்டஸ்டண்டு சபைகளில் அவருடைய கீர்த்தனைகளைப் பாடாத ஊரே இல்லை என்று சொல்லலாம்.

அவர் "பெத்லகேம் குறவஞ்சி" எழுதினார். குறத்தி குறி சொல்லுகிற கூத்து வகையை எடுத்து, அதிலே கிறிஸ்துவின் கதையை வைத்தார். நொண்டி நாடகத்தின் போக்கிலும் நூல் செய்தார். ஜனங்கள் விரும்பிக் கேட்டார்கள். பிறகு வந்த ஐரோப்பிய மிஷனரிகள் சிலருக்கு இவருடைய போக்குப் பிடிக்கவில்லை. சச்சரவு முற்றியது. மிஷன் உத்தியோகம் போயிற்று. சரபோஜி மன்னரே அவரை ஆதரித்தார்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. எல்லாச் சாதியாரும் கோவிலில் ஒன்றாக உட்காரவேண்டும் என்று அந்த மிஷனரிகள் வற்புறுத்தியபோது, சாஸ்திரியார் அதை எதிர்த்து எழுதினார். ஜனங்களின் கூத்து ஆராதனைக்கு அருகே வந்தது. அதைக் கேட்ட ஜனங்களில் ஒரு பகுதியார் தனியாகவே உட்கார்ந்தார்கள். அவர்களுடைய வாத்தியமான பறையோ வாசலுக்குள் வரவே இல்லை.

மதுரையில் ஒரு "பரட்டை"

இனி மதுரைக்கு வருவோம். அங்கே அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. 1969-இல் உண்டான கல்லூரி. சபைகளுக்கு ஆயர்களைப் பயிற்றுவிக்கிற இடம். அங்கே ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு (1940-2005). தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர். "பரட்டை" என்பது அவருடைய புனைபெயர். மாணவர்களுக்கு அவர் "பரட்டை அண்ணன்".

அவருக்கு மேல்நாட்டுச் சங்கீதம் தெரியும். கர்நாடக சங்கீதமும் தெரியும். இருந்தாலும் அவர் கிராமத்துப் பாட்டைத் தேர்ந்தெடுத்தார். காரணம் என்ன?

அக்காலச் சபையில் இரண்டு விதப் பாட்டுகள் இருந்தன. ஒன்று, ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த மெட்டுகளுக்குத் தமிழில் எழுதிய ஞானப்பாட்டு. மற்றொன்று கர்நாடக ராகக் கீர்த்தனை. இரண்டுக்கும் பாட்டுப் புத்தகம் வேண்டும். ஆர்மோனியமோ ஆர்கனோ இருந்தால் நல்லது. பழகிய குரலும் வேண்டும். கிராமத்துச் சபைகளில் பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளிகள். அவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள். எழுத்து தெரியாதவர்கள் அநேகர். அவர்கள் ஆராதனையில் வாய் மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

கிராமத்து மெட்டுக்குப் புத்தகம் வேண்டாம். ஒருவர் ஓர் அடி பாடினால் போதும். மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். கை தட்டினால் தாளம் கிடைத்துவிடும். அப்பாவு ஆராதனை முழுவதையும் இந்த வகையில் அமைத்தார். பாவ அறிக்கை, ஜெபம், திருவிருந்து எல்லாம் நாட்டுப்புற மெட்டில், வயற்காட்டுத் தமிழில் வந்தன. அதுவே "கிராமிய இசை வழிபாடு". ஒலிநாடாவாகவும் அது வெளிவந்தது.

அதிலே ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அதுதான் "ஒரு உலை". ஒரே பானையில் உலை வைத்து, எல்லாரும் பகிர்ந்து உண்பது. ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடாதவர்கள் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று எப்படிச் சொல்லமுடியும்? அப்பாவு அதைத்தான் கேட்டார். சாதிக்கு ஒரு பந்தி என்று இருந்த ஊர்களில் இது சாதாரணக் கேள்வியா?

"இது சாவு மேளம்!"

கேட்டவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள்.

நகரத்துச் சபைகளில் வசதியுள்ளவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆராதனைக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா என்றார்கள். தெருக்கூத்து மெட்டில் கர்த்தரைப் பாடுவதா என்றார்கள். பறைச் சத்தம் கேட்டதும், அது சாவு வீட்டு மேளம், சாமியாட்டத்து மேளம், குடித்துவிட்டு ஆடுகிறவர்களின் மேளம் என்றார்கள்.

அந்தக் கோபத்துக்குள் ஒரு பயமும் இருந்தது. தாழ்த்தப்பட்ட குடும்பங்களிலிருந்து படித்து முன்னுக்கு வந்தவர்களில் சிலருக்கும் பறையைக் கேட்கக் கூச்சம். அவர்களுடைய முன்னோர்கள் ஊருக்காகச் சாவுக்குப் பறை அடித்தார்கள். கூலி குறைவு, அவமானம் அதிகம். அதிலிருந்து தப்பி வந்த பிள்ளைகள், அதே ஓசை ஆராதனையில் கேட்டால் திடுக்கிடமாட்டார்களா? அவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் பட்ட வலியையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

அப்பாவுவின் பதில் வேறு விதமாக இருந்தது. பறையில் இழிவு எதுவும் இல்லை. வட்டச் சட்டமும், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோலும், இரண்டு குச்சிகளும்தான் பறை. நெருப்பிலே காய்ச்சினால் கணீரென்று பேசும். அடிக்கிறவனை இழிவாக நடத்தியவர்கள்தான் வாத்தியத்துக்கும் இழிவைச் சேர்த்தார்கள். வாத்தியத்தை ஒளித்து வைத்தால் அவமானம் போகாது. எல்லார் முன்னிலையிலும் தலை நிமிர்ந்து அடித்தால் போகும்.

கிராமத்தார் சொன்னது

கிராமங்களில் நடந்தது வேறு. கல்லூரியில் படித்த மாணவர்கள் ஆயர்களாகப் பல ஊர்களுக்குப் போனார்கள். இந்தப் பாட்டுகளும் அவர்களோடு போயின. கேட்டவர்களுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சே பாட்டாக வந்ததல்லவா?

பெண்கள் உரக்கப் பாடினார்கள். பிள்ளைகள் விளையாட்டிலும் பாடினார்கள். சில இடங்களில் மெட்டைக் கொஞ்சம் மாற்றினார்கள். வார்த்தையையும் மாற்றினார்கள். சங்கீத வித்துவானாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். அப்பாவு சந்தோஷப்பட்டார். கேட்டவர்கள் பாட்டை மாற்றிப் பாடினால், அது அவர்களுடைய பாட்டாகிவிட்டது என்று அர்த்தம். அதுதான் அவர் விரும்பியது.

அமெரிக்காவிலிருந்து ஜோ ஷெரினியன் என்ற பெண்மணி வந்து அப்பாவுவிடம் இந்த இசையைப் படித்தார். தாளவாத்தியம் அறிந்தவர். இதைப் பற்றி ஆராய்ந்து 2014-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பறைக் கலைஞர்களைப் பற்றி அவர் எடுத்த படத்துக்கு "இதுவும் ஒரு இசைதான்" என்ற பொருளில் தலைப்பு வைத்தார்.

கடல் கடந்தும் இதே சண்டை

தமிழ்நாட்டில் மட்டும்தான் இந்தத் தகராறு என்று நினைக்க வேண்டாம். 1958-இல் காங்கோ நாட்டு மக்கள் தங்கள் முரசுகளோடு பாடிய பூசைப் பாட்டு "மிஸா லூபா" என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தது. 1964-இல் அர்ஜென்டினாவின் ஏரியல் ராமிரெஸ், தம் நாட்டு நாட்டுப்புற மெட்டுகளில் "மிஸா கிரியோலா" அமைத்தார். அந்தந்த நாட்டு மக்களின் இசையை வழிபாட்டில் போற்றலாம் என்று 1963-இல் வத்திக்கான் சங்கமும் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் 1969-இல் லாரி நார்மன் என்ற வாலிபர் ராக் இசையில் கிறிஸ்தவப் பாட்டுத்தட்டு வெளியிட்டார். சாத்தானின் இசையைக் கோவிலுக்குள் கொண்டுவரலாமா என்று மதத் தலைவர்கள் பலர் சீறினார்கள். வாலிபர்களோ தங்கள் பாஷையிலே தங்கள் விசுவாசத்தைக் கேட்டதாக மகிழ்ந்தார்கள். அங்கே சண்டை அப்பனுக்கும் மகனுக்கும். இங்கே சண்டை ஊருக்கும் சேரிக்கும். அதனால் இங்கே காயம் ஆழமானது.

திருச்சியில் 1977-இல் கத்தோலிக்கர்கள் கலைக்காவிரியைத் தொடங்கினார்கள். பரதநாட்டியத்தில் கிறிஸ்துவின் கதையை ஆடிக் காட்டினார்கள். அதற்குக் கைதட்டு கிடைத்தது. பரதம் உள்ளே வந்தது பெருமை என்றால், பறை உள்ளே வருவது மட்டும் எப்படிக் குறைவாகும்? இந்தக் கேள்விக்கு முகம் சுளித்தவர்களிடம் நேரான பதில் இல்லை.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

அப்பாவு 2005-இல் காலமானார். பொங்கல் நாளில் பறை முழங்கப் பூசையும் ஆராதனையும் நடத்துகிற கோவில்கள் இன்று தமிழ்நாட்டில் பல உண்டு. பட்டணத்துக் கல்லூரி மாணவிகள் பறை அடிக்கப் பழகுகிறார்கள். பறையை மேடையில் பார்த்துக் கைதட்டுகிறவர்கள், அதை அடித்த குடும்பத்தோடு சம்பந்தம் செய்வார்களா, ஒரு பந்தியில் உட்காருவார்களா என்பது தனிக் கேள்வி. "ஒரு உலை" இன்னும் எல்லா ஊரிலும் கொதிக்கவில்லை.

ஒரு பாட்டு நல்லதா கெட்டதா என்று வித்துவான்கள் சொல்லலாம், குருமார்கள் சொல்லலாம். பத்திரிகைகளும் எழுதலாம். கேட்டவர்கள் மறுநாள் வேலை செய்யும்போது அதைப் பாடுகிறார்களா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். களை எடுக்கிற கையோடு, மாவரைக்கிற கையோடு அப்பாவுவின் பாட்டு சேர்ந்துகொண்டது. தலைமுறை தலைமுறையாக ஆராதனையில் வாய் மூடி உட்கார்ந்திருந்தவர்கள் வாய் திறந்து பாடினார்கள். இதைவிடப் பெரிய மதிப்புரை எந்தப் பாட்டுக்குக் கிடைக்கும்?