மீனின் வாயைப் பார்த்து குஞ்சு விடுங்கள்

பண்ணைக் குட்டையில் எடை நன்றாக வருகிறது என்று கட்லாவை மட்டும் விட நினைக்கும் வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டார விவசாயிகள், முதலில் ஒரு மீனின் வாயைக் கவனியுங்கள்.

மீனின் தாடை மண்டையோட்டில் நேராக ஒட்டியிருப்பதில்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள தாடைத்தாங்கி எலும்பு அதைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கிறது. வாய் திறக்கும்போது இந்த எலும்பு பக்கவாட்டில் விரிய, தண்ணீரும் இரையும் உள்ளே உறிஞ்சப்படும். நிலத்தில் வாழ வந்த விலங்குகளில் இதே எலும்பு சிறுத்து, ஒலியைக் கடத்தும் காது எலும்பாக மாறியது. நம் காதிலும் அது இருக்கிறது.

ஆதிகால எலும்பு மீன்களின் மேல்தாடை கன்ன எலும்போடு இறுகியிருந்தது. கெண்டை இனத்தில் அது விடுபட்டு, குழாய் போல முன்னே நீளும். தாடையில் பல் கிடையாது. தொண்டைப் பற்களே இரையை அரைக்கும்.

வாய் அமைப்புக்கு ஏற்ப மேயும் இடமும் மாறும். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருப்பதால் மேல்மட்ட நுண்ணுயிரிகளைத் தின்னும். விளிம்பில் குஞ்சம் போன்ற உதடுடைய ரோகு நடுமட்டத்தில் மேயும். கீழ்நோக்கிய வாயுள்ள மிர்கால் அடிமட்டக் கழிவுகளைத் தின்னும். கட்லா மட்டும் இருந்தால் நடு, அடிமட்ட உணவு வீணாகும். மேல்மட்டத்தில் போட்டி மிகும்.

எனவே ஏக்கருக்கு 2,000 விரலிகள் விடும்போது கட்லா 800, ரோகு 600, மிர்கால் 600 என்று பிரித்து விடுங்கள். அதற்கு முன் விராலை முழுவதும் அகற்றுங்கள். அதன் தாடையில் கூரிய பற்கள் உண்டு, குஞ்சுகளை விழுங்கிவிடும். கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சம அளவில் கலந்து, துளையிட்ட பைகளில் கட்டித் தொங்கவிடுங்கள்.

மூச்சுக்காகச் செவுளுக்குத் தண்ணீரைத் தள்ளுவதும் இதே தாடை எலும்புகள்தான். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அது பசியல்ல, பிராணவாயுக் குறைவு. அப்போது தீவனம் போடாதீர்கள். உடனே மோட்டாரை ஓட்டி, புதுத் தண்ணீரைத் தெளித்தாற்போல் விழச் செய்யுங்கள். தாமதித்தால் மீன்கள் மொத்தமாக இறக்க நேரிடும்.