செரிகல்ச்சர் என்றால் பட்டு நெசவா? 'கல்ச்சர்' என முடியும் ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் இல்லாமல் கற்பது எப்படி?

காஞ்சிபுரத்தில் பட்டு பற்றித் தெரியாத வீடு இருக்காது. ஆனால் 'செரிகல்ச்சர் என்றால் என்ன?' என்று தேர்வில் கேட்டால், தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைகள்கூட 'பட்டு நெசவு' என்ற விடையைத் தேர்ந்தெடுத்துவிட வாய்ப்பு உண்டு. சரியான விடை, பட்டுப்புழு வளர்ப்பு.

'கல்ச்சர்' என்று முடியும் இப்படிப்பட்ட பெயர்ச்சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி ஒலிப்பதால்தான் குழப்பம். இவற்றை எளிதாக நினைவில் வைப்பது எப்படி?

இது ஏன் முக்கியம்?

எஸ்.எஸ்.சி. போன்ற மத்திய அரசுத் தேர்வுகளின் ஆங்கிலத் தாளில் ஒரு விளக்கத்தைக் கொடுத்து, அதற்கு ஒற்றைச் சொல்லைக் கேட்கும் கேள்விகள் வரும். பொது அறிவுப் பகுதியிலும் இந்தச் சொற்கள் அடிக்கடி தலைகாட்டும்.

பிளஸ் 2 முடிப்பவர்களுக்கும் இது தேவை. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புகளில் அக்ரிகல்ச்சர், ஹார்ட்டிகல்ச்சர், செரிகல்ச்சர் எல்லாம் தனித்தனிப் படிப்புகள். செரிகல்ச்சர் படிப்பு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் இருக்கிறது. பெயருக்கு அர்த்தம் தெரியாமல் விண்ணப்பத்தில் டிக் அடித்தால், நான்கு வருடப் படிப்பே மாறிவிடும்.

'கல்ச்சர்' என்றால் பண்பாடுதானே?

ஆமாம், ஆனால் அது பிறகு வந்த பொருள். லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்கு உழுவது, பேணி வளர்ப்பது என்று பொருள். தமிழிலும் இதே கதைதான். நிலத்தைப் பண்படுத்துகிறோம், மனதையும் பண்படுத்துகிறோம். 'பண்பாடு' என்ற சொல்லிலும் அதே 'பண்' இருக்கிறது.

எனவே 'கல்ச்சர்' என்று முடிந்தால் முதலில் 'வளர்ப்பு' என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதி விடை கிடைத்துவிட்டது. எதை வளர்க்கிறோம் என்பதை முன்பாதி சொல்லும்.

செரிகல்ச்சரில் காஞ்சிபுரம் எங்கே வருகிறது?

பட்டு வந்த கிழக்குத் தேசத்து மக்களைப் பண்டைய கிரேக்கர்கள் 'சேரெஸ்' என்று அழைத்தார்கள். சீனர்களைத்தான் அப்படிக் குறிப்பிட்டதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. 'செரி' என்ற முன்பாதி அங்கிருந்து வந்தது.

ஒரு பட்டுச்சேலை உருவாகும் வரிசையைப் பாருங்கள். முதலில் மல்பெரிச் செடி வளர்க்க வேண்டும். இதற்குத் தனியாக மோரிகல்ச்சர் என்றே பெயர். பட்டுப்புழுவின் அறிவியல் பெயர் பாம்பிக்ஸ் மோரி. அதில் வரும் 'மோரி'யும் மல்பெரியைக் குறிப்பதுதான். அந்த இலையைத் தின்று புழு வளர்ந்து கூடு கட்டும். கூட்டிலிருந்து நூல் எடுப்பார்கள். பரந்த பொருளில் செரிகல்ச்சர் இதுவரைதான்.

அதன்பிறகு முறுக்கேற்றுவது, சாயம் போடுவது, பாவு ஓட்டுவது, நெய்வது என எல்லாமே ஜவுளித் தொழில். தமிழகத்தில் பட்டுப்புழு வளர்ப்புக்குப் பெயர் பெற்றவை கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஈரோடு போன்ற மாவட்டங்கள். காஞ்சிபுரம் தறிகளுக்குக் கர்நாடகத்திலிருந்தும் கச்சாப் பட்டு வருகிறது. புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டுக்குப் புகழ் கொடுத்தது அதன் நெசவு.

தெரிந்த சொல்லோடு முடிச்சு போடுங்கள்

முன்பாதிகள் லத்தீன் என்று பயப்பட வேண்டாம். பலவற்றை ஏற்கெனவே வேறு இடத்தில் கேட்டிருப்பீர்கள்.

வெர்மிகல்ச்சர்: மண்புழு வளர்ப்பு. வெர்மி கம்போஸ்ட் என்றால் மண்புழு உரம் என்று விவசாயிகளுக்குத் தெரியும். சேமியா பாக்கெட்டில் இருக்கும் 'வெர்மிசெல்லி'க்கும் இத்தாலிய மொழியில் குட்டிப் புழுக்கள் என்றுதான் அர்த்தம்!

பிஸிகல்ச்சர்: மீன் வளர்ப்பு. மீன ராசிக்கு ஆங்கிலத்தில் 'பைசஸ்'. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எழுதும்போது 'எஸ்' பக்கத்தில் ஒரு 'சி' உண்டு.

மாரிகல்ச்சர்: கடல்நீரில் வளர்ப்பது. தமிழ் 'மாரி'யை நினைத்து மழை என்று எழுதிவிடாதீர்கள். மெரினா கடற்கரையை நினையுங்கள், போதும். ராமநாதபுரம் கடலோரத்தில் நடக்கும் கடல்பாசி வளர்ப்பு இதற்கு நல்ல உதாரணம்.

விட்டிகல்ச்சர்: திராட்சை சாகுபடி. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கை நினைவில் வையுங்கள்.

ஃப்ளோரிகல்ச்சர்: மலர் சாகுபடி. ஓசூர் ரோஜா, மதுரை மல்லி எல்லாம் இதில் அடங்கும்.

குழப்பும் ஜோடிகள்

தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது இந்த ஜோடிகள்தான்.

ஏபிகல்ச்சர், ஏவிகல்ச்சர்: ஒரே எழுத்துதான் வித்தியாசம். 'பி' வந்தால் தேனீ, 'வி' வந்தால் பறவை. விமானத் துறையை 'ஏவியேஷன்' என்கிறோமே, அதன் வேரும் பறவைதான். ஆனால் வேடந்தாங்கல் ஏவிகல்ச்சர் ஆகாது. அங்கே பறவைகள் தாமாக வந்து போகின்றன. கூண்டிலோ பண்ணையிலோ வைத்து வளர்த்தால்தான் ஏவிகல்ச்சர்.

சில்விகல்ச்சர், ஆர்பரிகல்ச்சர்: முதலாவது காடு வளர்ப்பு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் பெயருக்குப் 'பென்னின் காடு' என்று பொருள். இரண்டாவது, மரங்களைத் தனித்தனியாகப் பராமரிப்பது. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் தலவிருட்சமான மாமரத்தைப் பேணுவதை ஆர்பரிகல்ச்சர் என்று நினைவில் வைத்தால் மறக்காது.

அக்ரிகல்ச்சர், ஹார்ட்டிகல்ச்சர்: 'அக்ரி' வயல், 'ஹார்ட்டி' தோட்டம். அரசுத் துறைகளின் பெயரிலேயே விடை இருக்கிறது: வேளாண்மைத் துறை, தோட்டக்கலைத் துறை.

எங்கே இந்த ஃபார்முலா வேலை செய்யாது?

'சப்கல்ச்சர்' என்ற சொல் சமூகவியலில் வந்தால் அது சாகுபடி கிடையாது. பெரிய சமூகத்துக்குள் இருக்கும் ஒரு குழுவின் தனிப் பண்பாடு என்று பொருள். 'மோனோகல்ச்சர்' என்பது ஒரே பயிரை மட்டும் பயிரிடுவது. இங்கே முன்பாதி எதை வளர்க்கிறோம் என்று சொல்லவில்லை, எப்படி வளர்க்கிறோம் என்று சொல்கிறது. அதனால் சொல்லை மட்டும் பார்க்காமல், அது வரும் வாக்கியத்தையும் படிப்பது அவசியம்.

எப்படிப் படிக்கலாம்?

ஒரு நாளைக்கு மூன்று சொற்கள் போதும். நோட்டில் முன்பாதியைத் தனியாக எழுதி, பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஊரையோ பொருளையோ எழுதுங்கள். குழப்பும் ஜோடிகளை எப்போதும் சேர்த்தே படியுங்கள். வாரக் கடைசியில் தமிழ் விளக்கத்தை மட்டும் பார்த்து, ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழையில்லாமல் எழுதிப் பாருங்கள்.

இதே முறை 'லஜி', 'ஃபோபியா', 'சைடு' என்று முடியும் சொற்களுக்கும் கைகொடுக்கும். பின்பாதியை ஒருமுறை புரிந்துகொண்டால், அடுத்த புதுச் சொல் வரும்போது முன்பாதியை மட்டும் தேடினால் போதும்.