இரவலா, உரிமையா?
டேவிட் றொடிகனின் இசைப்பணி

ஒரு மக்கட் கூட்டத்தின் துன்பத்திற் பிறந்து, அவர்தம் தெருக்களிலே வளர்ந்த கலையொன்றை, அக்கூட்டத்திற் பிறவாத ஒருவர் தமதெனக் கொள்ளல் ஆகுமா? ஆகுமெனின், எம்முறையில் ஆகும்? கலையுலகில் நெடுங்காலமாக எழுந்துவரும் இவ்வினாவுக்கு ஏட்டில் விடை தேடுவதினும், ஒரு மனிதரின் வாழ்விலே விடை தேடுதல் பயனுடைத்து. ஜமைக்கா நாட்டின் ரெகே இசையையும், அதன் வழித்தோன்றலான டான்ஸ்ஹோல் இசையையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வானொலியிலும் ஆடரங்குகளிலும் முழங்கச் செய்த ஆங்கிலேயர் டேவிட் றொடிகனின் வாழ்வு அதற்கு ஏற்றதொரு சான்றாகும்.

முதற்கண் இவ்விசை வளர்ந்த களத்தை அறிதல் வேண்டும். 1950ஆம் ஆண்டுகளிற் கிங்ஸ்டன் நகரத்து ஏழை மக்களுக்கு, வாத்தியக் குழுக்கள் இசைக்கும் உயர்தர விடுதிகளுட் புக வசதி இருக்கவில்லை. பெரும் ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் திறந்த வெளியில் அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, அம்மக்களை ஆடவைத்தவர்கள் 'சவுண்ட் சிஸ்டம்' எனப்பட்ட ஒலியமைப்புக்காரர்களே. அத்தகைய ஆடற்களத்தின் பெயர்தான் 'டான்ஸ்ஹோல்'. களத்தின் பெயர் பின்னர் இசைக்கும் ஆயிற்று. 1985இற் கிங் ஜாமி என்னும் தயாரிப்பாளர், சிறிய மின்விசைப் பலகையொன்றில் அமைந்திருந்த தாளத்தைக் கொண்டே ஒரு பாட்டை உருவாக்கி வெளியிட்டபோது, இவ்விசை புதியதொரு திசையிற் சென்றது.

ஒலியமைப்புகள் இரண்டு ஒரே இரவில் எதிரெதிர் நின்று மோதுவதும் உண்டு. இவ்விசை வாதிலே கூடியிருக்கும் மக்களே நடுவர். அவர்களது ஆரவாரமே தீர்ப்பு. வாதிற்குரிய படைக்கலம் 'டப் பிளேட்' என்னும் தனித்தட்டு. புகழ்பெற்ற பாடகர் ஒருவர், தம் பாட்டின் அடிகளை மாற்றி, குறித்த ஒலியமைப்பின் பெயரைப் புகுத்தி, அதற்கென்றே மீண்டும் பாடித் தருவார். அரக்குப் பூச்சுள்ள தட்டில் வெட்டப்பட்ட அப்பாட்டு, ஊசி படப்படத் தேய்ந்து போகும். பிறரிடம் இல்லாமையே அதன் பெருமை. இத்தகைய தட்டுகளைப் பாடகர்களிடம் கேட்டுப் பெற்றுச் சேர்த்ததில் றொடிகன் பேர்போனவர்.

அவர் 1951இல் ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்தார். தந்தையார் பிரித்தானியப் படையிற் பணிபுரிந்தவர். இளமையின் ஒரு பகுதி லிபியாவிற் கழிந்தது. பின்னர் குடும்பம் ஒக்ஸ்போட் நகருக்கு அண்மையிலுள்ள கிட்லிங்டனிற் குடியேறிற்று. 1960ஆம் ஆண்டுகளில், பள்ளி மாணவராக இருந்தபோது, ஜமைக்காவின் ஸ்கா இசை அவர் செவியிற் பட்டது. பட்டது பட்டதுதான், பிறகு அவர் மீளவில்லை. நாடகக் கல்லூரியிற் பயின்று நடிகரானார். சந்தையிற் கடை விரித்து இசைத்தட்டுகளும் விற்றார். 1978இற் பிபிசியின் லண்டன் வானொலியில் ரெகே நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியவர், மறு ஆண்டிற் கப்பிட்டல் வானொலிக்குச் சென்று 1990 வரை அங்கு பணியாற்றினார். பொப் மார்லியை 1980இல் அங்கே பேட்டி கண்டார்.

இவ்விடத்தில் வாசகர் ஒரு தடையை எழுப்பலாம். ஜமைக்கா 1962 வரை பிரித்தானியாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அடிமைகளின் உழைப்பால் விளைந்த சருக்கரையைக் கொண்டுசென்ற நாடு, அவர்தம் வழிவந்தோரின் பாட்டையும் கொண்டுசெல்கிறதா? 1948இற்குப் பின் பிரித்தானியாவுக்குத் தொழில் தேடிவந்த கரீபியருக்கு வாடகை அறையும் மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அவர்களது இசைக்கு மட்டும், வெள்ளையர் ஒருவர் வாயிலாகவா வரவேற்பு?

தடை வலியதே. இதனை ஒருவரது நல்லெண்ணத்தைக் காட்டி ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் றொடிகன் அதற்கு வாயால் அன்றிச் செயலால் விடை கூற முயன்றார் எனலாம். முதலாவது, அவர் இவ்விசையைக் கற்றார். பாடகர் யார், தாளத்தை அமைத்தவர் யார், எந்த நிலையத்தில் எப்போது பதிவாயிற்று என்பவற்றை ஓர் ஆய்வாளரின் கவனத்தோடு அறிந்து, படைத்தவரின் பெயரைக் கேட்போருக்குச் சொன்னார். இரண்டாவது, அவர் தம்மைத் தீர்ப்புக்கு உட்படுத்தினார். 1980ஆம் ஆண்டுகளில் ஜமைக்காவுக்கே சென்று, அந்நாட்டின் புகழ்பெற்ற ஒலிபரப்பாளர் பரி ஜீயுடன் வானொலியில் இசை வாது புரிந்தார். பிறர் வீட்டுச் சொத்தைக் கவர்ந்தவர் அவ்வீட்டு முற்றத்திலே சென்று நின்று, 'என்னை எடைபோடுங்கள்' என்று கேட்பதில்லை.

மூன்றாவது சோதனை 2012இல் நேர்ந்தது. அவ்வாண்டு அரச விருதான எம்.பி.ஈ. அவருக்குக் கிடைத்தது. அறுபது வயது நிரம்பிய நிலையில், நியூயோர்க்கில் நடந்த உலக இசை வாதில் வெற்றியும் பெற்றார். அதே ஆண்டின் இறுதியில், 1990 முதல் தாம் பணியாற்றிவந்த கிஸ் வானொலியிலிருந்து விலகினார். தமது நிகழ்ச்சி நள்ளிரவுக்குத் தள்ளப்பட்டதை, அவ்விசையே ஓரங்கட்டப்பட்டதாக அவர் கொண்டார். விருதோடும் வெற்றியோடும் அமைதியாக இருந்திருக்கலாம். ஆயின், தமக்குப் பெருமை தந்த கலைக்குச் சிறுமை நேர்ந்ததெனக் கண்டபோது அவர் இருக்கையை விட்டெழுந்தார். மறு ஆண்டிற் பிபிசியில் அவருக்குப் புதிய இடம் கிடைத்தது.

ஜமைக்காவின் ரெகே இசையை 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. மனிதகுலம் முழுவதற்கும் செல்வம் என்றபோதும், ஜமைக்காவின் பெயர் அதிலிருந்து நீக்கப்படவில்லை. நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கும் விடை இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. கலை எல்லோருக்கும் உரியது. ஆனால் அது எவரிடமிருந்து வந்தது என்பதை மறப்பவருக்கு உரியதன்று. றொடிகன் பெற்றது இரவலே. இரவல் என்பதை மறவாது, கற்று, காத்து, உரியவர் முன்னிலையிற் கணக்கும் ஒப்புவித்தமையால், அவ்விரவல் ஒருவகை உரிமையாயிற்று.